சபா காட்டுக்கு (போர்னியோ) மே மாசம் குடும்பத்தோட போறோம்: என்னென்ன தயார் பண்ணணும்?

நொய்யல்காரன் | 14 ஜனவரி 2024

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப வருச ஆசை, இந்த லீவுல மலேசியாவோட சபா மாநிலத்துக்கு காடு பாக்க போலாம்னு முடிவு பண்ணிட்டோம். நான், வீட்டுக்காரம்மா, பையன் (9 வயசு, மூணாம் வகுப்புலேர்ந்தே ஒராங்குட்டான் ஒராங்குட்டான்னு உசுர விடறான்), அப்புறம் எங்க அம்மா, 64 வயசு. அம்மாவுக்கு சுகர் இல்ல, ஆனா ஹார்ட்டுக்கு டெய்லி ஆஸ்பிரின் போடறாங்க, முட்டி கொஞ்சம் வலி. வீட்டுக்காரம்மாவுக்கு வீசிங் உண்டு. அம்மா சுத்த சைவம்.

பிளான் 8 நாள். கோட்டா கினபாலு 1 நாள், கினபாலு மலை அடிவாரம் 1, செபிலோக் (ஒராங்குட்டான் குட்டிங்கள வளக்கற எடம்) 1, கினபத்தாங்கன் ஆறு 1, டானம் வேலி 2, செம்போர்னா கடல் 1, மிச்சம் டிராவல். மே மாசம் போறது சரியா, என்ன துணி, என்ன மருந்து, அட்டைக்கு என்ன பண்றது, கேமரா வாங்கணுமா, எதுவுமே தெரியலைங்க. வால்பாறைல அட்டை கடி வாங்குன அனுபவம் மட்டும்தான் இருக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேளச்சேரி லென்ஸ் | 14 ஜனவரி

தலைவா மொதல்ல அந்த பிளான தூக்கி ஓரமா வைங்க. நான் 2017லயும் 2022லயும் போயிருக்கேன், ரெண்டு தடவையும் ஒரே பாடம்தான். ஆறு எடத்த எட்டு நாள்ல வச்சா நீங்க பாக்கப்போறது காடு இல்ல, வேனோட சீட்டும் ஏர்போர்ட்டும்தான். மழைக்காட்டுல ஒரு விலங்கு தெரியணும்னா அதே எடத்துல நீங்க மறுபடி மறுபடி இருக்கணும், நம்ம ஊர் கபினி மாதிரி வெட்டவெளி கிடையாது, பத்தடிக்கு அந்தாண்ட பச்சை சுவருதான். ஒரு நாள் மழை பெஞ்சா அந்த நாள் போச்சு, அப்ப ஒரு நைட் மட்டும் புக் பண்ணவங்க மூஞ்சிய பாக்கவே கஷ்டமா இருக்கும்.

கோட்டா கினபாலு, மலை, செம்போர்னா மூணையும் வெட்டுங்க. ஆனா டானம விடாதீங்க, அது 438 சதுர கிலோமீட்டர், மனுசன் கை படாத தாழ்நிலக் காடு, உலகத்துலயே உயரமான வெப்பமண்டல மரம் அங்கதான் நிக்குது, 100.8 மீட்டர், மஞ்சள் மெராந்தி. மரத்துக்கு அடில நின்னு அண்ணாந்து பாத்தா உச்சி தெரியாது, கழுத்துதான் புடிச்சுக்கும்.

மே நல்ல மாசம். மழை வருசம் பூரா உண்டு, ஆனா நவம்பர்லேர்ந்து பிப்ரவரி மார்ச் வரைக்கும்தான் கிழக்கு பக்கம் கொட்டும், ஆத்துல வெள்ளம் வரும்.

ஈப்போ தங்கச்சி | 15 ஜனவரி

வணக்கம் அண்ணா. நான் ஈப்போ, ஆனா வேலைக்கு அஞ்சு வருஷமா சபாவோட கிழக்குக் கரை ஊரான சண்டாக்கான்ல இருக்கேன், அதனால எங்க ஊரு பக்கம்னே சொல்லலாம் லா.

மொதல்ல பேப்பர் விஷயம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1லேர்ந்து 30 நாள் வரைக்கும் விசா தேவையில்ல, ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டு கட்டாயம், வர்றதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், அது இலவசம், காசு கேக்குற வெப்சைட்ல போடாதீங்க. இன்னொன்னு பல பேருக்கு தெரியாது, சபாவுக்கு தனி இமிக்ரேஷன். கேஎல்ல (கோலாலம்பூர்) முத்திரை வாங்கிட்டு உள்நாட்டு ஃப்ளைட்தானேன்னு பாஸ்போர்ட்ட பெட்டிக்குள்ள போட்டு செக்கின் பண்ணிடாதீங்க, சண்டாக்கான்ல இறங்குனதும் மறுபடி காட்டணும். தீபகற்ப மலேசியா ஆளுங்க நாங்களே ஐசி (அடையாள அட்டை) காட்டித்தான் உள்ள வர்றோம்.

கேஎல்லேர்ந்து சண்டாக்கானுக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு, மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. கோட்டா கினபாலு போயி சுத்த வேண்டியதில்ல. சின்ன ஏர்லைன்ஸ்ல கையில 7 கிலோதான், கேமரா வச்சிருக்கிறவங்க கவனம்.

அம்மா கூட வர்றாங்கன்னா நான் லென்ஸ் அண்ணன் சொன்னதுக்கு நேர் எதிரா சொல்றேன், டானம் வேணாம். பக்கத்து ஊர் லஹாட் டத்துலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல மண் ரோடு, உள்ள போனா எல்லாமே நடை, ஏத்தம் இறக்கம் சகதி. கினபத்தாங்கன்ல நீங்க படகுல உக்காந்திருப்பீங்க, விலங்கு கரைக்கு வரும். முட்டி வலிக்கும் ஒம்பது வயசுக்கும் அதுதான் பொருத்தம். மூணு ராத்திரி போடுங்க.

வேளச்சேரி லென்ஸ் | 15 ஜனவரி

தங்கச்சி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, கினபத்தாங்கன்ல அவ்ளோ விலங்கு தெரியறதுக்கு காரணமே சோகமான காரணம்தான். ஆத்துக்கு ரெண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை தோட்டம் ஆயிடுச்சு, காடுன்னு மிச்சம் இருக்கிறது கரையோரம் ஒரு பட்டை, அதுக்குள்ள யானை, ஒராங்குட்டான், நீள்மூக்குக் குரங்கு எல்லாம் நெருக்கிகிட்டு வாழுது. அந்தப் பட்டைய 2005ல சரணாலயமா அறிவிச்சாங்க, அதுவும் துண்டு துண்டா இருக்கு. பையனுக்கு இதையும் காட்டுங்க, சண்டாக்கான்லேர்ந்து ஆத்தங்கரை கிராமம் சுக்காவ் போற ரோட்ல ஜன்னல் வழியா பாக்க சொல்லுங்க, ஒரு மணி நேரம் பனை மட்டும்தான் ஓடும்.

ஈப்போ தங்கச்சி | 15 ஜனவரி

உண்மைதான் அண்ணா. எங்க தாத்தா பாட்டி பேராக்ல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க, அதுக்கப்புறம் அதே மண்ணுல பனை வந்துச்சு. தோட்டத்துல வேலை செஞ்சவங்கள குறை சொல்லல, அவங்க உழைப்புலதான் நாங்க படிச்சோம். ஆனா சுக்காவ் ரோட்ல போறப்ப எனக்கும் ஒவ்வொரு தடவையும் மனசு கனக்கும்.

மதுரை டாக்டர் | 16 ஜனவரி

நோய் பத்தி யாரும் எழுதலையே, நான் எழுதுறேன். பிரிஸ்கிரிப்ஷன் இங்க தர மாட்டேன், ஆறு வாரம் முன்னாடி உங்க டாக்டர நேர்ல போய் பாருங்க.

சபால கவலைப்பட வேண்டியது ரெண்டு, டெங்கு ஒண்ணு, குரங்கு மலேரியா ஒண்ணு. மலேசியால 2018லேர்ந்து மனுசன்ட்டேர்ந்து மனுசனுக்கு பரவுற மலேரியா உள்ளூர்ல பதிவாகல, பெரிய சாதனை அது. ஆனா பிளாஸ்மோடியம் நோலெசின்னு ஒண்ணு, நீளவால் குரங்கு, பன்றிவால் குரங்குட்டேர்ந்து கொசு வழியா மனுசனுக்கு வரும், சபால அதுதான் அதிகம். இதுக்கு 24 மணி நேரத்துக்கு ஒருக்க பெருகுற குணம் உண்டு, அதனால காய்ச்சல் வந்தா நாலு நாள் பாப்போம்னு இருக்கக் கூடாது. ஊர் திரும்பி ஒரு மாசத்துக்குள்ள யாருக்கு காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே டாக்டர்ட்ட போயி "போர்னியோ காட்டுக்கு போயிட்டு வந்தோம்"னு வாயால சொல்லணும், சொல்லலைன்னா அவருக்கு தோணாது. தடுப்பு மாத்திரை வேணுமா வேணாமாங்கிறது போற எடம், வயசு, வேற மருந்து எல்லாம் பாத்து முடிவு பண்றது, சில மாத்திரை சின்னப் பசங்களுக்கு ஆகாது, நீங்களா கடைல வாங்காதீங்க.

கொசு விரட்டி டீட் 20லேர்ந்து 30 சதவீதம் உள்ளது பாத்து வாங்குங்க. மொதல்ல சன்ஸ்கிரீன், அது காஞ்சப்புறம் டீட். பையனுக்கு உள்ளங்கைல தடவாதீங்க, கண்ணுல வாய்ல வச்சுக்குவான். டீட் பிளாஸ்டிக்க உருக்கும், பைனாகுலர், வாட்ச் ஸ்ட்ராப் மேல பட்டுறக் கூடாது. சாயங்காலம் ஆனதும் முழுக்கை, முழுக்கால்.

அம்மா ஆஸ்பிரின் போடுறதால அட்டை கடிச்சா ரத்தம் நிக்க நேரமாகும். பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா பயந்துருவாங்க, அதனால முன்னாடியே சொல்லி வைங்க. அட்டை எச்சில்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு பொருள் இருக்கு, சாதாரண ஆளுக்கே சில மணி நேரம் கசியும். பஞ்சு வச்சு அழுத்திக் கட்டுனா போதும். ஆஸ்பிரின நீங்களா நிறுத்திறாதீங்க, அதுதான் ஆபத்து.

வீட்டம்மா இன்ஹேலர கைப்பைல வைக்கணும், ஒண்ணு போதாது, ரெண்டு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஏற்கனவே இருக்கிற வியாதியயும், கிழக்கு சபாவயும் கவர் பண்ணுதான்னு படிச்சுப் பாருங்க, 2013க்கு அப்புறம் அந்தக் கடலோரத்த தனி பாதுகாப்பு வட்டாரமா வச்சிருக்காங்க.

நல்லூரான் | 16 ஜனவரி

வணக்கம் அண்ணை. நான் சபாவுக்குப் போகேல்ல, ஆனா இலங்கையில இருக்கிற சிங்கராஜா மழைக்காட்டுக்கு நாலைஞ்சு தரம் போனனான், அட்டை எண்டால் அங்க மழைக்குப் பிறகு பாதை முழுக்க நெளியும். நாங்கள் சவர்க்காரத்தை ஈரமாக்கி சப்பாத்துக்கும் காலுறைக்கும் நல்லா பூசிக்கொண்டு போவம், கழுவுப்படும் மட்டும் கிட்ட வராது. உப்பு, நெருப்பு ஒண்டும் வேண்டாம், கடிச்சால் நகத்தாலை மெல்ல சின்ன வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிடுங்கோ, தானாக் கழரும். உப்புப் போட்டால் வயித்தில இருக்கிறதைக் காயத்துக்குள்ள கக்கும் எண்டு சொல்லுவினம்.

பிள்ளை பயப்பிட்டால் முதலே வீட்டில ஒரு அட்டைப் படத்தைக் காட்டி விளங்கப்படுத்துங்கோ. என்ர மகள் முதல் தரம் கத்தின கத்தில குருவி எல்லாம் பறந்திட்டுது, இப்ப அவளே மற்றாக்களுக்குக் கழட்டிவிடுறாள்.

ஈப்போ தங்கச்சி | 17 ஜனவரி

அண்ணன் சொன்ன சோப்பு எங்க பாட்டியும் செய்வாங்க, இல்லாட்டி புகையிலைய ஊற வச்சு தடவுவாங்க. ஆனா இங்க ரெண்டு வகை அட்டை இருக்கு. பிரவுன் கலர் தரைல இருக்கும், கடிக்கிறதே தெரியாது. டைகர் லீச்னு ஒண்ணு, மஞ்சக்கோடு போட்டது, இடுப்பு உயரத்துல இலைல நிக்கும், கடிச்சா சுருக்குனு இருக்கும். அதனால காலுக்கு மட்டும் பாத்தா பத்தாது, சட்டைய பேண்டுக்குள்ள விடணும், கழுத்துல துண்டு.

லீச் சாக்ஸ் வாங்குங்க, சாதாரண சாக்ஸ் இல்ல, நெருக்கமா நெய்த துணில முட்டி வரைக்கும் வரும், மேல கயிறு கட்டணும், பேண்ட் அதுக்குள்ள போகணும். சண்டாக்கான்லயும் லாட்ஜ்லயும் கிடைக்கும்.

ஷூ பத்தி சொல்றேன், காசு செலவு பண்ணி பெரிய டிரெக்கிங் ஷூ வாங்காதீங்க. எங்க நாட்டுல "அடிடாஸ் கம்போங்"னு செல்லமா சொல்ற கறுப்பு ரப்பர் ஷூ இருக்கு, பால் வெட்டுறவங்க போட்டது, ஒரே வார்ப்பு, அடில கட்டை கட்டையா பிடிமானம், நனைஞ்சா கவுத்து வச்சா அஞ்சு நிமிஷத்துல காஞ்சுடும். காட்டு கைடுங்க பாதிப் பேரு அதான் போடுறாங்க. ரொம்ப மலிவு. ஒரு சைஸ் பெருசா எடுங்க, உள்ள சாக்ஸ் ரெண்டு வரும். ஆனா பெரிய கால் ஆளுக்கு சைஸ் கிடைக்கிறது கஷ்டம்.

கோதை | 17 ஜனவரி

பெரியவங்கள கூட்டிட்டு போன அனுபவத்துல எழுதறேன், எங்க மாமியார கூட்டிட்டு 2019ல இதே ஆத்துக்கு போனோம். அம்மா புடவை கட்டறவங்களா? படகுல ஏறி இறங்கறதுக்கு, அந்த பலகைப் பாலம் மேல நடக்கறதுக்கு புடவை சரிப்படாது, கொசுவத்துக்குள்ள அட்டை போனா தெரியவும் தெரியாது. இப்பவே ரெண்டு செட் சுடிதார் தைச்சு வீட்லயே போட்டு பழக்குங்க, அங்க போயி மொத தடவையா போட சொன்னா கூச்சத்துலயே அவங்க நாள் போயிடும். காட்டன் வேணாம், ஒரு தடவை நனைஞ்சா மூணு நாள் காயாது, அவ்ளோ ஈரம் காத்துல. லேசான சிந்தெடிக், வெளிர் கலர், ஆளுக்கு மூணு செட் போதும், தினம் அலசிப் போடுங்க. உள்ளாடை மட்டும் நிறைய. தொடை இடுக்குக்கு பவுடர், பூஞ்சைக்கு களிம்பு, இத யாரும் வெளில பேச மாட்டாங்க ஆனா ரெண்டாம் நாளே தேவைப்படும்.

முட்டிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, டெய்லி நடக்க வைங்க. உங்க ஊர்லதான் மருதமலை இருக்கே, ஞாயித்துக்கிழமை காலைல படி வழியா ஏறி இறங்கட்டும், மொதல்ல பாதி வரைக்கும். இறங்கறதுதான் முட்டிக்கு சோதனை, அதுக்கு ஒரு ஊன்றுகோல்.

ஈப்போ தங்கச்சி | 17 ஜனவரி

சாப்பாடு! அம்மா சைவம்னு புக் பண்ணும்போதே எழுதுங்க, வந்ததும் சமையல்காரங்ககிட்ட நேர்லயும் சொல்லுங்க. இங்க கீரை காய்னு சொல்லி வைக்கிறதுல பெலாச்சான் இருக்கும், இறால அரைச்சு புளிக்க வச்சது, சம்பல்ல நெத்திலி இருக்கும். "தாக் மௌ பெலாச்சான், தாக் மௌ ஊடாங், தாக் மௌ இக்கான்"னு சொன்னா புரிஞ்சுப்பாங்க, தாக் மௌன்னா வேணாம்னு அர்த்தம். கேஎல் மாதிரி வாழையிலைக் கடை இங்க தெருவுக்குத் தெரு கிடையாது, தமிழங்க கொஞ்சம் பேருதான். பருப்புப் பொடி, ஊறுகாய், தொக்கு கொண்டு வாங்க, சோறு எங்கயும் கிடைக்கும்.

நேரம் பத்தி, இங்க கடிகாரம் கேஎல் நேரம், ஆனா நாங்க ரொம்ப கிழக்க இருக்கோம், ஆறு மணிக்கே வெளிச்சம், சாயங்காலம் ஆறேகாலுக்கு இருட்டு. படகு காலைல ஆறு மணிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு. இந்திய நேரத்துக்கு அது விடிகாலை மூணரை! பையன கடைசி ஒரு வாரம் சீக்கிரம் படுக்க வைங்க.

நொய்யல்காரன் | 20 ஜனவரி

எல்லார்த்துக்கும் ரொம்ப நன்றிங்க, வீட்ல எல்லாரும் உக்காந்து ஒவ்வொரு பதிலா படிச்சோம். முடிவு பண்ணிட்டோம், சண்டாக்கான் நேரா போறோம், செபிலோக் ரெண்டு நைட், சுக்காவ் மூணு நைட், திரும்பி சண்டாக்கான் ஒண்ணு. டானம் பையன் பெரியவனாகி அவனோட போவேன். லென்ஸ் அண்ணா மன்னிச்சுக்கோங்க.

சுக்காவ் போற வழில இருக்கிற கோமந்தோங் வௌவால் குகைக்கு போலாமான்னு ஒரு கேள்வி, வீசிங் இருக்கிறவங்களுக்கு எப்படி? அப்புறம் கேமரா.

மதுரை டாக்டர் | 20 ஜனவரி

வீசிங் இருந்தா குகைக்குள்ள வேணாம். லட்சக்கணக்குல வௌவால் எச்சம், அம்மோனியா நெடி, தூசி. அவங்க வெளில நிக்கட்டும்.

வேளச்சேரி லென்ஸ் | 20 ஜனவரி

மன்னிப்பெல்லாம் எதுக்கு, நல்ல முடிவு. குகை வாசல்ல நின்னா இன்னும் நல்ல காட்சி இருக்கு, பொழுது சாயும்போது வௌவால் கூட்டம் புகை மாதிரி சுருண்டு சுருண்டு வெளிய வரும், பருந்து வந்து கொத்திட்டு போகும். உள்ள போறவங்க எச்சம் படிஞ்ச கைப்பிடிய தொடாதீங்க, பலகைப்பாதையும் வழுக்கும், பாத்து நடங்க. உழவாரக் குருவி எச்சிலால கட்டுற கூடு அங்கதான் எடுக்கறாங்க, பிரம்பு ஏணி கட்டி ஏறி, அந்த ஏணிங்க மேல தொங்கறத பாத்தாலே வயித்த கலக்கும்.

கேமரா புதுசா வாங்காதீங்க. அந்தக் காச பைனாகுலர்ல போடுங்க, 8x42, ரெண்டு. ஒண்ணு அம்மாவுக்கும் பையனுக்கும். 10x, அதாவது பத்து மடங்கு பெருசாக்கறது வாங்காதீங்க, ஆடுற படகுல கை நடுங்கும், 42ங்கறது வெளிச்சம் உள்ள வர்ற கண்ணாடி அளவு, இருட்டுக் காட்டுல அது வேணும். வீட்டு மொட்டை மாடில காக்கா மைனா பாத்து இப்பவே பழகுங்க, மொத தடவை பைனாகுலர்ல ஒரு கிளைய புடிக்கறதுக்குள்ள குரங்கு போயிடும்.

ஏசி ரூம்லேர்ந்து வெளிய எடுத்ததும் கண்ணாடி பூரா பனி படியும், அரை மணி நேரம் ஆகும் தெளிய. அதனால பாத்ரூம்லயோ வராண்டாவுலயோ வைங்க. சிலிக்கா ஜெல், ஜிப் கவர், படகுக்கு ஒரு டிரை பேக். ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒண்ணு, ராத்திரி நடைக்கு. பிளக் மூணு சதுரக் கம்பி, அடாப்டர் வேணும். ஃபிளாஷ் எந்த விலங்கு மேலயும் வேணாம்.

ஈப்போ தங்கச்சி | 21 ஜனவரி

செபிலோக் பத்தி ஒண்ணு. 1964லேர்ந்து நடக்குது, தாய இழந்த குட்டிங்கள வளத்து காட்டுக்கு பழக்கற எடம், மிருகக்காட்சி சாலை இல்ல. சாப்பாடு போடறது காலைல 10, மதியம் 3. மேடைக்கு ஒண்ணும் வராத நாளும் இருக்கு, அன்னைக்கு ஒராங்குட்டான் காட்டுலயே தேடிக்கிச்சுன்னு அர்த்தம், அது நல்ல சேதி, பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பை எல்லாம் லாக்கர்ல வைக்கணும். யாருக்காச்சும் சளி இருமல் இருந்தா உள்ள போகாதீங்க, நம்ம சளி அதுங்களுக்கு ஒட்டும், குட்டிங்களுக்கு ரொம்ப ஆபத்து. எதிர்லயே சன் பேர் சென்டர், மலாய்ல தேன் கரடினு சொல்வாங்க. நடக்கிற தூரத்துல மழைக்காட்டு மையம், மர உச்சி உயரத்துல பாலம், அம்மா தாராளமா நடக்கலாம், காலைல போங்க.

காசு சண்டாக்கான்லயே எடுத்துக்கோங்க, சுக்காவ் ரோட்டுக்கு போனப்புறம் ஏடிஎம் தேடாதீங்க.

நொய்யல்காரன் | 2 ஜூலை 2024

போயிட்டு வந்து ஒரு மாசம் ஆச்சுங்க, ஸ்கூல் ஆரம்பம், வேலைன்னு எழுத நேரமில்ல. யாருக்கும் காய்ச்சல் இல்ல, டாக்டர் சார் கேப்பீங்கன்னு மொதல்லயே சொல்லிடறேன்.

அம்மா பிப்ரவரிலேர்ந்து மருதமலை படி ஏறுனாங்க, மொத வாரம் பாதில உக்காந்துட்டாங்க, ஏப்ரல்ல மேல போயி சாமி கும்பிட்டுட்டு எனக்கு முன்னாடி கீழ நின்னாங்க. சுடிதார் மட்டும் மே மாசம் வரைக்கும் பீரோவுலயே இருந்துச்சு, கோதை அக்கா சொன்ன மாதிரி பழக்காதது என் தப்பு, மொத நாள் செபிலோக்ல ரூம விட்டு வெளிய வரவே அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் அங்க எல்லாப் பாட்டிகளும் பேண்ட் போட்டிருந்தத பாத்து சரியாயிட்டாங்க.

செபிலோக்ல மொத நாள் காலைல மேடைக்கு ஒண்ணும் வரல. பையன் அழுவான்னு நெனச்சேன், "காட்டுலயே சாப்டுக்கிச்சுப்பா"ன்னு அவனே எனக்கு சொல்றான். மதியம் ஒரு தாயும் குட்டியும் கயிறு மேல வந்துச்சு.

சுக்காவ்ல மொத நாள் சாயங்காலம் படகுல போனதும் மழை, ஒண்ணும் தெரியல, நீள்மூக்குக் குரங்கு ஒரு கூட்டம் மட்டும் கரையோர மரத்துல தூங்க வந்துச்சு, ஆணுக்கு அந்த மூக்கு தொங்கறத பாத்து அம்மா வாய பொத்திட்டாங்க. ரெண்டாம் நாள் இருவாச்சி அஞ்சாறு, ஒரு முதலை. ஒரு நைட் புக் பண்ணிருந்தா அதோட ஊருக்கு வந்திருப்போம். மூணாம் நாள் காலைல பனி விலகறப்ப அம்மாதான் பைனாகுலர்ல பாத்துட்டு "தம்பி, அங்க நாணல் அசையுது பாரு"ன்னாங்க, படகுக்காரர் எஞ்சின அணைச்சாரு, பதினோரு யானை, ரெண்டு குட்டி, ஆத்தோரம் புல்லு புடுங்கி மண்ண தட்டித் தட்டி தின்னுகிட்டு. நம்ம டாப்சிலிப் யானைய விட சின்னது, மூஞ்சி வட்டமா. முக்கா மணி நேரம் யாரும் பேசல. போன வாரம் நியூஸ்ல வந்துச்சுங்க, அந்த போர்னியோ யானைய அழியற நிலைல இருக்கிறதா தனியா பட்டியல்ல சேத்திருக்காங்க, மொத்தமே ஆயிரம் போலதான் இருக்குதாம். பையன் அத வெட்டி நோட்ல ஒட்டி வச்சிருக்கான்.

அட்டை அம்மாவுக்கு ஒண்ணு கடிச்சுது, ராத்திரி வரைக்கும் கசிஞ்சுது, முன்னாடியே சொன்னதால பயப்படல. எனக்கு டைகர் லீச் கழுத்துல, துண்டு கட்ட மறந்த அன்னைக்கே. அடிடாஸ் கம்போங் அம்மாவுக்கும் பையனுக்கும் கிடைச்சுது, எனக்கு சைஸ் இல்ல, என் டிரெக்கிங் ஷூ கடைசி நாள் வரைக்கும் காயவே இல்ல. பெலாச்சான் ஒரு நாள் வந்துருச்சு, அம்மா வாசனைலயே கண்டுபுடிச்சுட்டாங்க, அந்த சமையல்காரம்மா ரொம்ப வருத்தப்பட்டு தனியா முட்டைகோஸ் வதக்கிக் குடுத்தாங்க.

லீச் சாக்ஸ் நாலு ஜோடி துவைச்சு வச்சிருக்குதுங்க, ரெண்டு பெருசு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு பையன் சைஸ். கோயம்புத்தூர் பக்கம் யாராச்சும் போறீங்கன்னா எடுத்துக்கோங்க.

கோதை | 2 ஜூலை

நாணல் அசையறத அம்மா பாத்தாங்கன்னு படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. அவங்களுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க.

திருப்பூர் ராசாத்தி | 3 ஜூலை

அண்ணா நாங்க செப்டம்பர்ல போறோம், நானும் தங்கச்சியும். நடுத்தரம் ஒண்ணும் பெருசு ஒண்ணும் எடுத்துக்கறேன், ஞாயித்துக்கிழமை மருதமலை அடிவாரத்துக்கு வரட்டுங்களா? அம்மா வருவாங்கன்னா அவங்க கூடவே ஏறிடறோம்.

நொய்யல்காரன் | 3 ஜூலை

வாங்க கண்ணு. காலைல ஆறு மணிக்கு படிக்கட்டு கிட்ட. அம்மா இப்பவும் வாராவாரம் போறாங்க.